சிவில் வழக்குக்கு வக்கீல் அமர்த்துவது: முதல்முறை கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு

கொடுத்த கடன் திரும்பவில்லை, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார், அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியவில்லை, அக்ரிமெண்ட் போட்டவர் கிரயம் செய்து தர மறுக்கிறார். இப்படி ஏதாவது ஒன்றுக்காக முதல்முறையாக வக்கீலைத் தேடுகிறவர்களுக்கு இது. தமிழ்நாட்டின் மாவட்ட, சார்பு, முன்சீப் நீதிமன்றங்களில் நடக்கும் சிவில் வழக்குகளை வைத்தே சொல்கிறோம். கிரிமினல் வழக்கின் போக்கு வேறு. அதை இங்கே கலக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண மனிதரின் வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் தவறிப்போன தேதியும் விடுபட்ட காகிதமும்தான். ஆகவே வக்கீலின் பேச்சு வன்மையைப் பார்ப்பதற்கு முன், அவரிடம் டயரி ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பக்கத்திலும் அதே ஒழுங்கு வேண்டும்.

முதலில் கெடு

வக்கீலைத் தேடக் கிளம்புமுன், வழக்குப் போடக் கால அவகாசம் இன்னும் இருக்கிறதா என்று கணக்கிடுங்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒவ்வொரு வகை வழக்குக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறது. கடன் பணத்துக்கு 3 ஆண்டு. கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, நோட்டு எழுதிய தேதியிலிருந்தே அந்த 3 ஆண்டு ஓடும். நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து அல்ல. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்குக்கும் 3 ஆண்டு: ஒப்பந்தத்தில் கடைசித் தேதி இருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் எதிராளி மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. உரிமையின் அடிப்படையில் நிலத்தின் சுவாதீனம் (நிலத்தைக் கையில் ஒப்படைப்பது) கேட்க 12 ஆண்டு.

கடன் வாங்கியவர் கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். பகுதிப் பணம் கட்டி, கட்டியதை அவர் கையாலேயே எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தாலும் அப்படியே. வாயால் "தந்துடறேன்" என்று சொன்னதற்கு அந்த வலு இல்லை. கெடு தாண்டியபின் புதிய வழக்குப் போட, "தாமதத்தை மன்னியுங்கள்" என்று மனுக் கொடுக்கவும் வழியில்லை. அந்த மன்னிப்பு மேல்முறையீட்டுக்கும் சில மனுக்களுக்கும்தான்.

செக் திரும்பிய விவகாரம் கிரிமினல் புகாராகப் போவது; கடனோடு சேர்ந்தே வருவதால் இதை மட்டும் இங்கே சொல்கிறோம். இதில் கெடு நாள் கணக்கில் வரும். வங்கியிலிருந்து திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போகவேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் தர 15 நாள். அது கழிந்து ஒரு மாதத்துக்குள் புகார். "நல்ல வக்கீலாப் பார்த்து அப்புறம் போடலாம்" என்று இரண்டு மாதம் விடுவது இதில் ஆகாது.

எதிராளி அரசுத் துறையாக இருந்தால் வழக்குக்கு முன் 2 மாத நோட்டீஸ் வேண்டும் (சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவு). அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதி பெற்று நோட்டீஸ் இல்லாமல் போடலாம்.

எந்தக் கோர்ட், அங்கே யார்

நிலம், வீடு பற்றிய வழக்கு அந்தச் சொத்து இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் நடக்கும். நீங்கள் சென்னையில் குடியிருந்து நிலம் புதுக்கோட்டைப் பக்கம் இருந்தால், வாய்தாவெல்லாம் புதுக்கோட்டைப் பக்கம்தான். பண வழக்கை எதிராளி குடியிருக்கும் இடத்திலோ, கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்திலோ போடலாம். ஆக, முதலில் கோர்ட்டைத் தீர்மானியுங்கள். பிறகு அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கிற வக்கீலைத் தேடுங்கள்.

உள்ளூர் வக்கீல் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கோர்ட்டில் எந்த நாளில் எந்த வகை வழக்கு எடுக்கிறார்கள், மனுவை என்ன குறைக்காகத் திருப்புவார்கள், அமீனா (கோர்ட் உத்தரவுகளை நேரில் கொண்டுபோய் நிறைவேற்றும் ஊழியர்) எந்த ஊருக்கு எப்போது போவார், நில அளவையரை எப்படி வரவழைப்பது என்பதெல்லாம் அங்கேயே இருப்பவருக்குத்தான் தெரியும். தலைநகரத்திலிருந்து பெரிய பெயர் ஒருவரை அழைத்துவந்தால், வாய்தாவுக்கு வாய்தா அவர் வரமுடியாமல் வேறு யாரையாவது எழுந்து நின்று தேதி கேட்கச் சொல்வார். அந்த "வேறு யாரோ"வுக்கு உங்கள் கேஸ் கட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

தேடும் வழி எளியது. ஆனால் கொஞ்சம் அலையவேண்டும். விசாரணைகள் பெரும்பாலும் திறந்த நீதிமன்றத்தில் நடப்பவை. யாரும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டு மூன்று நாள் காலையில் போய் உட்காருங்கள். யார் வழக்கு அழைக்கும்போது தயாராக நிற்கிறார், யார் கேஸ் கட்டைத் திறந்து பக்கம் சொல்கிறார், யார் ஒவ்வொரு முறையும் "அடுத்த தேதி" மட்டும் கேட்கிறார் என்று தெரிந்துவிடும். குறுக்கு விசாரணை நடக்கும் நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. பத்து பேரிடம் விசாரிப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் அதிகம் சொல்லும்.

உங்களைப் போன்றே வழக்கு முடித்தவர்களிடம் கேளுங்கள். ஜெயித்தாரா என்பதை மட்டும் கேட்காதீர்கள். போன் எடுத்தாரா, வாய்தா முடிந்ததும் சொன்னாரா, காகிதங்களைத் திருப்பித் தந்தாரா என்று கேளுங்கள். ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரைக் கொண்டும் வழக்குகளைத் தேடலாம். எந்த நீதிமன்றத்தில், எந்த வகை வழக்குகளில் அவர் பெயர் வருகிறது என்பது அதில் தெரியும். பாகப் பிரிவினைக்கு ஆள் தேடும்போது அவர் பெயரில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் மட்டுமே வந்தால் யோசியுங்கள்.

இணையத்தில் நட்சத்திர மதிப்பெண்ணோடு வரும் வக்கீல் பட்டியல்களை நம்பவேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் இத்தகைய பட்டியல்களுக்கு எதிராகக் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொன்னது. கோர்ட் வாசலில் தானாக வந்து "நம்ம சாரிடம் கூட்டிப் போகிறேன்" என்பவரும் அப்படித்தான். அவருடைய கமிஷனும் உங்கள் பீஸிலிருந்துதான் போகும்.

பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று சரிபார்க்கத் தயங்காதீர்கள். ஒவ்வொரு வக்கீலுக்கும் பதிவு எண்ணும் ஆண்டும் உண்டு, வக்காலத்திலும் எழுதுவார்கள். மூத்த வழக்கறிஞர் என்று நீதிமன்றமே தகுதி அளித்தவர்கள் வேறு வகை. அவர்கள் கட்சிக்காரரிடம் (வழக்கை ஒப்படைப்பவரிடம்) நேரடியாக வழக்கு வாங்கக் கூடாது, வக்காலத்தும் தாக்கல் செய்ய முடியாது. அவர் வேண்டுமென்றால் உங்கள் வக்கீல் மூலமாகத்தான். ஊரில் பேச்சு வழக்கில் "சீனியர்" என்பது ஆபீஸின் பெரியவரைக் குறிக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் சந்திப்பு

உள்ளே போனதும் முதலில் சொல்லவேண்டியது எதிராளியின் பெயர். அவர் ஏற்கெனவே இதே விஷயத்துக்கு அந்த வக்கீலிடம் ஆலோசனை கேட்டிருந்தால் உங்கள் வழக்கை அவர் எடுக்கக் கூடாது. சிறிய ஊரில் இது அடிக்கடி நேரும். கதை முழுவதையும் கொட்டிய பிறகு இது தெரியவந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஒரே பக்கத்தில் தேதிவாரியாக நடந்ததை எழுதிக்கொண்டு போங்கள். வலது ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் என்று குறியுங்கள். உதாரணமாக: "12.3.2022, 2 லட்சம் வங்கி மூலம் கொடுத்தேன், பாஸ்புக் பக்கம் 4." "ஜூலை 2023, வட்டி நிறுத்தினார், ஆதாரம் இல்லை." ஆதாரம் இல்லை என்பதையும் எழுதுங்கள், அதை ஈடுகட்டச் சாட்சி தேடுவதா, எதிராளியிடமிருந்து எழுத்தில் வரவழைப்பதா என்று அவர் யோசிப்பார். சொத்து வழக்கென்றால் தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கி எல்லாக் கிரயப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், வரி ரசீது, புல வரைபடம். குடும்பச் சொத்தென்றால் வம்சாவளி, இறந்தவர்களின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இரண்டு செட். அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி, ஆடியோ, குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி அதற்குச் சான்றிதழ் இணைக்கவேண்டும். அந்தப் படிவத்தில் ஆதாரத்தைத் தருபவருக்கு ஒரு பகுதி, நிபுணருக்கு ஒரு பகுதி. இதை எப்போது, யாரைக் கொண்டு வாங்கப் போகிறார் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

உங்களுக்குப் பாதகமானதை மறைக்காதீர்கள். முன்பு ஒரு பஞ்சாயத்தில் கையெழுத்துப் போட்டது, பாதிப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டது, பழைய வழக்கு ஒன்றைப் பாதியில் விட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள். தொழில் முறையில் சொன்னதை வக்கீல் உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. (குற்றம் செய்வதற்காகக் கேட்கும் ஆலோசனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.) மறைத்த விஷயம் குறுக்கு விசாரணைக் கூண்டில்தான் வெளிவரும், அங்கே வக்கீலால் உங்களைக் காப்பாற்ற முடியாது.

நீங்கள் கேட்கவேண்டியவையும் உண்டு. என் வழக்கில் பலவீனம் எங்கே? என்ன பரிகாரம் (கோர்ட்டிடம் கேட்கும் தீர்வு) கேட்கப் போகிறோம்? தடை மட்டும் கேட்டால் போதுமா, உரிமை அறிவிப்பும் சுவாதீனமும் சேர்த்துக் கேட்கவேண்டுமா? யார் யாரைப் பிரதிவாதியாகச் சேர்க்கவேண்டும்? வாய்தாக்களுக்கு நீங்களே வருவீர்களா, ஜூனியரா? இந்தக் கேள்விகளில் பரிகாரம் பற்றியதே தலையானது. உங்கள் உரிமையையே எதிராளி மறுத்து, நிலமும் அவர் கையில் இருக்கும்போது, வெறும் நிரந்தரத் தடை கேட்டுப் போட்ட வழக்கு பல வருடம் கழித்து "இந்தப் பரிகாரம் பொருந்தாது" என்று தள்ளுபடியாகலாம். பாகப் பிரிவினையில் ஒரு பங்காளியை விட்டுவிட்டாலும் கதி அதுதான்.

"கண்டிப்பா ஜெயிச்சிடலாம்", "ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுப் பேப்பரில் கையெழுத்துக் கேட்பவரிடமிருந்தும். பலவீனத்தைச் சொல்லி உங்கள் முகத்தைச் சுண்டவைக்கிற வக்கீலே நல்லவர் என்பது எங்கள் எண்ணம்.

பீஸ்

முதலில் இரண்டு செலவையும் பிரித்துக் கேளுங்கள்: வக்கீல் பீஸ் ஒன்று, கோர்ட் செலவு இன்னொன்று. கோர்ட் செலவில் நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் பேட்டா, நகல் செலவு, தேவையானால் ஆணையர் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிப்பவர்) கட்டணம், நில அளவைக் கட்டணம் எல்லாம் அடங்கும். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 2017 திருத்தத்துக்குப் பிறகு கேட்கும் தொகையில் 3 சதவீதம். 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். சொத்து வழக்குகளில் கேட்கும் பரிகாரத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். எந்தப் பிரிவில், எந்த மதிப்பில் கணக்கிட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டணம் குறைவாகக் கட்டியிருந்தால் மனு திரும்பும்.

பீஸை மொத்தமாகப் பேசலாம். கட்டம் கட்டமாகவும் பேசலாம். எங்கள் பரிந்துரை கட்டம் கட்டமாக: நோட்டீஸுக்கு இவ்வளவு, வழக்குத் தாக்கலுக்கு இவ்வளவு, இடைக்கால மனுவுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணை தொடங்கும்போது இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு. வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசினால், வழக்கு நீள நீள உங்கள் கைதான் காலியாகும். எந்த முறையானாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள், குமாஸ்தாவிடம் ரொக்கமாகக் கொடுத்தால் அன்றைக்கே வக்கீலுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "இன்று பேட்டா செலவுக்கு இவ்வளவு கொடுத்துள்ளேன் சார்." கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைப்பது வக்கீலின் கடமை, கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவில்லை.

"ஜெயிச்சா பத்தில் ஒரு பங்கு" என்ற பேச்சு வேண்டாம். வழக்கின் முடிவைப் பொறுத்த பீஸும், கிடைக்கும் சொத்தில் பங்கும் பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டவை.

பணம் இல்லை என்றால் வழக்கை விட்டுவிடவேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, தாலுகாவில் வட்டச் சட்டப்பணிகள் குழு. உதவி எண் 15100. வசதியுள்ள குடும்பத்துப் பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வக்காலத்தும் கையெழுத்தும்

வக்காலத்து என்பது உங்களுக்காக நீதிமன்றத்தில் செயல்பட வக்கீலுக்கு நீங்கள் கொடுக்கும் எழுத்து அதிகாரம். அச்சடித்த படிவத்தில் சமரசம் செய்துகொள்ள, வழக்கை வாபஸ் வாங்க, பணத்தைப் பெற்றுக்கொள்ள என்று பல அதிகாரங்கள் வரிசையாக இருக்கும். படித்துப் பாருங்கள். சமரசமும் பணம் பெறுவதும் உங்கள் எழுத்துச் சம்மதத்தோடு மட்டுமே என்று விரும்பினால், கையெழுத்துக்கு முன்பே சொல்லி அந்த வரிகளை அடித்துச் சுருக்கொப்பம் இடலாம்.

வழக்குரையை (வழக்கைத் தொடுக்க நீங்கள் தாக்கல் செய்யும் மனுவை) முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. கடைசியில் "மேற்கண்டவை எனக்குத் தெரிந்தவரை உண்மை" என்று உறுதி சொல்லிக் கையெழுத்திடுபவர் நீங்கள்; வக்கீல் அல்ல. மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தமிழிலேயே வழக்குரை தாக்கல் செய்யலாம். ஆங்கிலத்தில் தயாரித்திருந்தால் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சர்வே எண், நான்கெல்லை, பரப்பு, தேதி, பெயரின் எழுத்து இவை ஐந்தையும் பத்திரத்தோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். சொத்து விவரத்தில் சர்வே உட்பிரிவு ஒன்று தவறினால், ஜெயித்த பிறகு அமீனா நிலத்தை ஒப்படைக்கப் போகும்போது முட்டிக்கொள்ளும்.

ஆவணப் பட்டியலிலும் அதே கவனம் வேண்டும். வழக்குரையோடு கொடுக்காத ஆவணத்தைப் பின்னால் கொடுக்க நீதிமன்ற அனுமதி கேட்கவேண்டியிருக்கும். அசலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய ஒப்படைக்கும்போது, எந்தப் பத்திரம், எந்தத் தேதியில் பெற்றார் என்று வக்கீல் ஆபீஸில் எழுதி வாங்குங்கள். வழக்கு முடிந்தபின் அதற்கென்று மனுப் போட்டு அசலைத் திரும்பப் பெறவேண்டும். பலர் இதை மறந்து, பத்து வருடம் கழித்து வங்கிக் கடனுக்குப் போகும்போது தேடுகிறார்கள்.

"கேஸ் போட்டாச்சு" என்றால் என்ன

தாக்கல் செய்த வழக்குரைக்கு முதலில் கிடைப்பது எஸ்.ஆர். எண் என்ற தற்காலிக எண் மட்டும். அலுவலகம் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும். குறையை நீக்கி, கொடுத்த நாளுக்குள் மறுபடி தாக்கல் செய்யவேண்டும். எல்லாம் சரியானபின்தான் ஓ.எஸ். எண் என்ற வழக்கு எண் விழும். "போட்டாச்சு" என்று வக்கீல் ஆபீஸில் சொன்னதை நம்பிக் கட்சிக்காரர் காத்திருக்க, மனு திரும்பி அலமாரியில் கிடக்கும் நிலை உண்டு. ஆகவே "நம்பர் ஆயிடுச்சா சார்?" என்று கேளுங்கள். எண் விழுந்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஈகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, கடந்த தேதிகளில் நடந்தது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது எல்லாம் தெரியும்.

அடுத்து சம்மன். வாதி பேட்டா கட்டவில்லை என்பதற்காகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிறிய தொகைதான், அதனாலேயே விட்டுப்போகும். எதிர்த்தரப்பைக் கேளாமல் இடைக்காலத் தடை கிடைத்தால், மனு, வாக்குமூலம், வழக்குரை, ஆவண நகல்களை அன்றோ மறுநாளோ பிரதிவாதிக்கு அனுப்பி, அனுப்பியதற்கு வாக்குமூலமும் தாக்கல் செய்யவேண்டும். தடை கிடைத்த மகிழ்ச்சியில் இதை விட்டால், எதிர்த்தரப்பு அதையே காரணம் காட்டித் தடையை உடைக்கப் பார்க்கும். அன்று மாலையே வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதிராளி வழக்குப் போட்டுத் தடை வாங்கிவிடுவாரோ என்ற பயம் இருந்தால், முன்கூட்டியே கேவியட் மனு (என்னைக் கேட்காமல் உத்தரவு போடவேண்டாம் என்ற மனு) போடலாம். அது 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும்.

உங்கள் மேல் வழக்கு வந்தால்

சம்மனை வாங்க மறுத்தால் தப்பிக்கலாம் என்பது தவறு. மறுத்ததையே நீதிமன்றம் சம்மன் சார்வு ஆனதாக, அதாவது கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். வாங்குங்கள், உறையின் மேல் கிடைத்த தேதியை எழுதுங்கள், அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது வழக்குரைக்கு உங்கள் எழுத்துப் பதில் தரவேண்டும். நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். சாதாரண சிவில் வழக்கில் அதற்குப் பிறகும் தகுந்த காரணம் காட்டினால் ஏற்பதுண்டு, செலவுத் தொகையோடு. வணிக வழக்கில் 120 நாள் தாண்டினால் கதவு மூடிவிடும்.

எதிர்வழக்குரையில் வழக்குரையின் ஒவ்வொரு பத்தியையும் குறிப்பாக மறுக்கவேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம். வீட்டிலேயே வழக்குரை நகலில் பத்தி எண் போட்டு, ஓரத்தில் "சரி", "தவறு", "தெரியாது" என்று எழுதிக்கொண்டு போனால் வக்கீலின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆஜராகாமல் விட்டு ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான்.

வழக்கு நடக்கும்போது

சாதாரண வாய்தாக்களுக்கு வக்கீல் ஆஜரானால் போதும்; நீங்கள் வேலையை விட்டு ஓடவேண்டியதில்லை. உங்கள் சாட்சியம், சமரச மையம், நீதிமன்றம் நேரில் வரச் சொன்ன நாள் ஆகியவற்றுக்குக் கட்டாயம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு நாள் முன்பு ஒரு செய்தி: "சார், வியாழன் நம் வழக்கு. என்னிடமிருந்து ஏதாவது வேண்டுமா?" அன்று மாலை செயலியில் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, என்ன நடந்தது, அடுத்து எதற்கு என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். "எதற்கு" என்ற கட்டத்தில் மூன்று முறை ஒரே வார்த்தை வந்தால் நேரில் போய்க் கேட்கும் நேரம் வந்துவிட்டது. சட்டப்படி ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் தள்ளிவைப்புத் தரக்கூடாது. நடைமுறையில் அது நெகிழும், ஆனால் கேட்பது உங்கள் தரப்பா எதிர்த்தரப்பா என்று தெரிந்திருக்கவேண்டும்.

போன் செய்யும் நேரமும் முக்கியம். காலை பத்தரையிலிருந்து மாலை வரை அவர் கோர்ட்டில் இருப்பார். மாலை ஆபீஸ் நேரத்தில் பேசுங்கள். கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கேளுங்கள். குமாஸ்தாவை மதியுங்கள், மனு எங்கே நிற்கிறது என்று பல சமயம் அவருக்குத்தான் உடனே தெரியும்.

வழக்கில் இருக்கும் யாராவது இறந்துபோனால் அன்றே வக்கீலுக்குச் சொல்லுங்கள். 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்காவிட்டால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். எதிராளியின் ஊரில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். வக்கீலுக்கு அந்தச் செய்தி வராது.

முதல் விசாரணை, அதாவது உங்கள் தரப்புச் சாட்சியம், வாக்குமூலமாக எழுதியே தாக்கலாகும். குறுக்கு விசாரணைதான் கூண்டில். அதற்கு ஒரு வாரம் முன் வக்கீலோடு உட்கார்ந்து வழக்குரை, வாக்குமூலம், ஆவணங்களை மறுபடி படியுங்கள். மனப்பாடம் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாததற்குத் "தெரியாது", கேள்வி புரியவில்லையென்றால் திரும்பக் கேட்பது, இவ்வளவே. நீட்டி விளக்கப் போகும் இடத்தில்தான் வார்த்தை தவறும். சாட்சியத்தைப் பதிவு செய்தபின் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்; தவறு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

சமரசம்

சமரசம் வந்தால் கேட்டுப் பாருங்கள், குறிப்பாகக் குடும்பச் சொத்தில். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்த உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். அப்பீல் இல்லை என்பதாலேயே அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது. யார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு, தவறினால் என்ன என்று நான்கும் எழுத்தில் இருக்கவேண்டும். நிலமென்றால் வரைபடம் இணைந்திருக்கவேண்டும்.

வக்கீலை மாற்றவேண்டுமானால்

மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஏற்கெனவே வக்காலத்துப் போட்டவரின் சம்மதம் இல்லாமல் இன்னொரு வக்கீல் அதே வழக்கில் வரமாட்டார். முதலில் நேரில் போய் மரியாதையாகச் சொல்லி, புதிய வக்காலத்தில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்குங்கள். பாக்கி பீஸ் இருந்தால் தீர்த்துவிடுங்கள். அவர் மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். பீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சாட்சி விசாரணையின் நடுவில் மாற்றுவதைத் தவிருங்கள். புதியவர் கட்டைப் படிக்கவே நாளாகும்.

வழக்கில் தோற்றதும் வக்கீல் செய்த தவறும் ஒன்றல்ல. பணத்தைக் கையாடினார், எதிர்த்தரப்போடு சேர்ந்தார், சொல்லாமலே ஆஜராவதை நிறுத்தினார் என்பவையெல்லாம் தொழில் ஒழுங்கீனம். அதற்கு வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவில் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் ஆவணங்களோடு புகார் தரலாம். நுகர்வோர் நீதிமன்றம் இதற்குச் செல்லாது; வக்கீல் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்த்துவிட்டது.

தீர்ப்பு வந்த அன்று

ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றே நகல் மனுப் போடச் சொல்லுங்கள். கீழமை நீதிமன்றத் தீர்ப்புக்கு மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள். நகல் தயாராக எடுத்த நாட்கள் இந்தக் கணக்கில் கழியும். ஆனால் நகல் மனுப் போடாமல் வீணாக்கிய நாட்கள் கழியாது. மேல்முறையீட்டுக்குத் தனி வக்காலத்தும் தனிப் பீஸும் வேண்டும். உயர் நீதிமன்றம் என்றால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ வேறு வக்கீல் பார்க்கவேண்டியிருக்கும். கீழ்க்கோர்ட் கட்டு முழுவதையும் வரிசைப்படுத்தி அவரிடம் கொடுங்கள்.

தோற்றவர் தானாகப் பணத்தைத் தராவிட்டாலோ நிலத்தை விடாவிட்டாலோ நிறைவேற்று மனு, அதாவது ஈ.பி. போடவேண்டும். அதற்கு 12 ஆண்டு அவகாசம். கட்டிய சுவரை இடிக்கச் சொல்வது போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கு மட்டும் 3 ஆண்டு. எதிராளிக்கு எங்கே சம்பளம், எந்த வங்கியில் கணக்கு, எந்த சர்வே எண்ணில் நிலம் என்ற தகவலைத் திரட்டித் தரவேண்டியவர் நீங்கள். அந்தப் பட்டியலை வழக்குப் போட்ட நாளிலிருந்தே உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.